முதல் பத்தியின் எடை

"ஐயையோ, துணிக் கத்தரியால காகிதத்தை வெட்டாதீங்க சார்" என்று தையல்காரர் கையை நீட்டுவதற்குள் அவருடைய மனுவின் முதல் பத்தி நறுக்கென்று அறுபட்டுக் கூடையில் விழுந்துவிட்டது. நறுக்கென்று என்று சொன்னதுகூட மரியாதைக்குத்தான். கத்தரி படு மொட்டை. எழுத்தர் நாலு தடவை கடித்து, இரண்டு தடவை கிழித்து, ஒருவழியாகத்தான் வெட்டி முடித்தார்.

இப்படித் தடாலென்று நடுவில் தொடங்கியதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது குறைகேட்பு அலுவலகத்தைப் பற்றிய கதை. அங்கே எதையும் நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது சட்டம். வேறு மாதிரி தொடங்கினால் இந்தக் கதைக்கும் அதே கத்தரிதான். இப்போது எழுத்தர் தலையைக் குனிந்திருக்கிறார். அவர் நிமிர்வதற்குள் கொஞ்சம் பின்னால் போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த அலுவலகத்தின் ஆணையர் இருபத்திரண்டு வருடங்களாக மனுக்களைப் படித்துப் படித்துக் கொட்டாவி விட்டவர். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொல்ல வருகிறவர்கள், தாத்தா இந்த ஊருக்குக் குடிவந்த வருடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். சாக்கடை வருவதற்குள் ஆணையர் தூங்கிவிடுவார். நாலு மாதத்துக்கு முன்னால் அதிகாரிகளுக்கான மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே கதை சொல்லும் கலை பற்றி ஒருவர் பேசினார். 'கதையை நடுவில் தொடங்குங்கள். முதல் வரியிலேயே ஏதாவது நடந்துகொண்டிருக்கட்டும். பெயர், ஊர், குலம், கோத்திரமெல்லாம் அப்புறம் மெல்ல வரட்டும்' என்றார். ஆணையருக்கு ஞானம் பிறந்துவிட்டது. திரும்பி வந்த அன்றே சுற்றறிக்கை போட்டார்.

சுற்றறிக்கை சொன்னது இதுதான். எல்லா மனுக்களின் முதல் பத்தியும் வெட்டி நீக்கப்படும். மிச்சமிருக்கும் முதல் வரியில் சம்பவம் ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும். பெயர், தெரு, கதவு எண் முதலியவை முன்கதை என்பதால் மனுவில் வரக்கூடாது. படிப்பவருக்கு ஆவல் பிறந்தால், மனுதாரருக்கு முன்கதைப் படிவம் ஒன்று தரப்படும், அதில் எழுதிக்கொள்ளலாம். இதுவரை அந்தப் படிவம் அச்சாகி வரவில்லை.

தையல்காரர் இதையெல்லாம் அறியாதவர். ஊரில் அவரை மாஸ்டர் என்பார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரே அறை, இதுதான் அவருடைய வீடு. அந்த அறையின் பின்சுவர் ஏதோ ஒரு அரசுக் கட்டடத்தோடு ஒட்டிய பொதுச்சுவர். கட்டடத்தின் வாசல் மூன்று தெரு தள்ளி எங்கேயோ இருந்ததால் அது என்ன கட்டடம் என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. நாலு மாதமாக அந்தச் சுவருக்கு வயிறு தள்ளிக்கொண்டிருந்தது. சுவருக்கு நேர் கீழே கட்டில். கட்டிலில் அவர் மனைவி. நூல்கண்டை மிதித்து வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்ததில், மாவுக்கட்டுப் போட்டு, காலை மேலே தூக்கிக் கட்டி, ஆறு வாரம் அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலை நகர்த்தலாம் என்றால் அதுவும் முடியாது. அறையை அடைத்தபடி தச்சர் உள்ளேயே வைத்துச் செய்த கட்டில். வாசல் வழியாக வெளியே வராது.

இதையெல்லாம்தான் அவர் முதல் பத்தியில் எழுதியிருந்தார். அந்தப் பத்திதான் இப்போது கூடையில் கிடந்தது. மிச்சமிருந்த காகிதம் 'ஆகவே தாங்கள் தயவு செய்து' என்று தொடங்கியது.

"என்ன ஆகவே?" என்றார் எழுத்தர்.

"அதுக்கு முன்னாடி எழுதியிருந்தேன் சார். நீங்க வெட்டிட்டீங்க."

"அதான் விதி. உங்க மனுவுல ஒண்ணுமே நடக்கலையே மாஸ்டர். நடுவுலேருந்து எழுதிட்டு வாங்க."

மாஸ்டரின் கண் கத்தரி மேலேயே இருந்தது. ஒரு தையல்காரர் முன்னால் துணிக் கத்தரியால் காகிதம் வெட்டுவது, பாடகர் முன்னால் தப்புத் தாளம் போடுகிற மாதிரி. மனு போனதைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அதைக் கொடுங்க சார். சாணை பிடிச்சுக் கொண்டுவந்து தரேன்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துச் சுவரின் வயிற்றை அளந்தார். நூலில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதிலிருந்து எவ்வளவு துருத்துகிறது என்று தினமும் பார்த்து, அளவு நோட்டில் குறித்து வைப்பது அவர் வழக்கம். மற்றவர்களின் இடுப்பளவுகளுக்கு நடுவே சுவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்.

"எவ்வளவு?" என்றாள் மனைவி.

"நாலேகால் அங்குலம்."

"தலைக்கு மேல வந்தா சாண் என்ன, முழம் என்ன? என்னைத் தூக்கி முன்னாடி கடையில போட்டுடுங்கன்னு எத்தனை நாளா சொல்றேன்."

"கடையில எங்க இடம்? டாக்டர் வேற அசைக்கக்கூடாதுன்னுட்டார். மனு கொடுத்தாச்சும்மா. ரெண்டு நாள்ல ஆள் வந்து முட்டுக் கொடுத்துடுவாங்க."

"கத்தரி யாரோடது?"

"ஆபீஸோடது."

"நல்லா இருக்கு. அவங்க வேலையை நீங்க பார்க்கறீங்க. உங்க வேலையை யார் பார்க்கிறது?"

மாஸ்டர் சாணைக்கல்லை நனைத்தார். அவருக்கு அலுவலகங்களின் மேல் நம்பிக்கை உண்டு. நாம் ஒழுங்காக நடந்துகொண்டால் அவர்களும் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்று ஐம்பத்து நாலு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்த மனிதர்.

மறுநாள் கத்தரியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். எழுத்தர் ஒரு மனுவை வெட்டிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. அவருக்கு முகமெல்லாம் பல். "இத்தனை நாளா ஒரு மணி நேரத்துல பத்து ஆரம்பம்தான் வெட்ட முடிஞ்சுது மாஸ்டர். இனிமே அறுபது வெட்டலாம்" என்றார். மாஸ்டருக்கும் சந்தோஷம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது மனு 'சுவர் நாலரை அங்குலம் வயிறு தள்ளி நிற்கிறது' என்று தொடங்கியது. வெட்டுக்குத் தப்ப, அதற்கு மேலே ஒரு வெற்றுப் பத்தி விட்டிருந்தார். எழுத்தரே ரகசியமாகச் சொல்லிக் கொடுத்த உபாயம் அது. ஒரு வாரம் கழித்து மனு, முதல் வரியில் சம்பவம் உண்டா என்று பார்க்கும் விறுவிறுப்புப் பிரிவுக்குப் போனது. அங்கே ஒரு பெண் அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சுவர் என்ன பண்ணுது?"

"நிக்குது மேடம். ஆனா விழப்போகுது."

"நிக்கிறது சம்பவம் இல்லை. நிலைமை. எங்களுக்கு நிலைமை வேண்டாம். பத்து நாளைக்கு முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க" என்று மேசை மேலிருந்த ஒரு மனுவைக் காட்டினார். "குழாய் பீய்ச்சிக்கிட்டிருக்கு, பாத்திரமெல்லாம் மிதக்குதுன்னு ஆரம்பிச்சாங்க. நான் அப்படியே உறைஞ்சுபோயிட்டேன். உடனே ஆளை அனுப்பிட்டோம்."

"சரியாயிடுச்சா மேடம்?"

"எந்த வீடுன்னு தெரியலை. அது முன்கதை இல்லையா? ஆள் தேடிக்கிட்டிருக்கார்."

வெளியே வந்தபோது மாஸ்டர் அந்த ஆளைப் பார்த்தார். குழாய் ரிப்பேர்க்காரர், தோளில் பையுடன், "ஏங்க, உங்க வீட்டுல பாத்திரம் மிதக்குதா?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். பத்து நாளாகப் போய்க்கொண்டிருக்கிறாராம். மாஸ்டர் வீட்டுக்குப் போய் அளந்தார். ஐந்தரை. கத்தரி கூர்மையான பிறகு ஒரே வாரத்தில் ஓர் அங்குலம் ஏறியிருந்தது. அதற்கும் இதற்கும் உள்ள முடிச்சு அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்றாவது மனுவை எதிர்க்கடை இஸ்திரிக்காரர் எழுதிக்கொடுத்தார். அவருக்குக் கற்பனை அதிகம்; சட்டையில் விழுந்த ஓட்டைக்கே ஒரு மணி நேரம் காரணம் சொல்லக்கூடியவர். மனு இப்படித் தொடங்கியது: 'ஓடினேன். சுவர் துரத்தியது.'

விறுவிறுப்புப் பிரிவு அதிர்ந்துபோனது. பெண் அதிகாரி எழுந்து நின்று உரக்க வாசித்தார். பக்கத்துப் பிரிவுகளில் இருந்தவர்களெல்லாம் டீ டம்ளர்களோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். "அப்புறம்? அப்புறம்?" என்று ஒருவர் கேட்டார். "சுவருக்குக் காலே இல்லையே" என்று சந்தேகம் கிளப்பிய ஒரு இளநிலை உதவியாளரை மற்றவர்கள் அடக்கினார்கள். மாலைக்குள் மாஸ்டருக்கு ஆணையரின் பேட்டி கிடைத்துவிட்டது.

கூப்பிடும் வரை காத்திருந்த நேரத்தில் எழுத்தர், "மாஸ்டர், சும்மாதானே இருக்கீங்க, ஒரு கை பிடிங்க" என்றார். முதல் பத்திகள் நிறைந்த கூடை கனத்தது. இருவருமாகத் தூக்கிக்கொண்டு நீளமான நடை ஒன்றில் போனார்கள். கடைசியில் ஒரு கதவு. எழுத்தர் தோளால் முட்டித் தள்ளித்தான் அது திறந்தது.

உள்ளே தரையிலிருந்து கூரை வரை மூட்டை மூட்டையாகக் காகிதம். முதல் பத்திகளைப் படிக்கக் கூடாது என்று ஒரு விதி, பத்து வருடத்துக்கு அழிக்கக் கூடாது என்று இன்னொரு விதி. ஆகவே எல்லா ஆரம்பங்களும் இங்கே வந்து சேர்ந்தன. கூரை ஒழுகியது. காகிதம் மழைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறி, உப்பி, பின்சுவரை முட்டிக்கொண்டு நின்றது.

"நாலு மாசத்துல இவ்வளவு சேர்ந்துடுச்சா சார்?"

"உங்க கத்தரி வந்தப்புறம்தான் வேகமா நிறையுது" என்றார் எழுத்தர் நன்றியோடு.

மாஸ்டர் பின்சுவரைப் பார்த்தார். மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அதன் வழியாக வெளிச்சம் வந்தது. மூட்டையின் மேல் ஏறிக் கண்ணை வைத்துப் பார்த்தார். கீழே ஒரு கட்டில். மேலே தூக்கிக் கட்டிய ஒரு மாவுக்கட்டுக் கால். பக்கத்தில் மண் கூஜா, அதன் மேல் கவிழ்த்த அவருடைய டம்ளர்.

"யாரது மேல?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"நான்தாம்மா."

"வந்துட்டீங்களா?"

"இன்னும் வரலை. ஆபீஸ்லதான் இருக்கேன்."

அவள் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாள். விரிசலில் கணவனின் ஒற்றைக் கண் தெரிந்தது.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் இதானா?"

"இதான்."

"அப்ப நீங்க ஏறி நிக்கிறது?"

"மூட்டை மேல."

"முதல்ல இறங்குங்க" என்றாள்.

ஆணையரின் அறையில் குளுகுளுவென்று இருந்தது. அவருக்குப் பின்னால் 'நேராக நடுவுக்கு வரவும்' என்று பலகை. அவர் மாஸ்டரை உட்காரச் சொல்லி, முதலில் தாமே பேசினார்.

"இந்தச் சமுதாயம் எதனால கெட்டுப்போச்சு தெரியுமா? முன்னுரையால. எங்கிட்ட வர்ற ஒவ்வொருத்தரும் முன்னாடி நடந்ததையே பேசறாங்க. ஏன் நடந்துச்சு, யாரால நடந்துச்சு, யார்கிட்ட எத்தனை தடவை சொன்னோம்னு. இதெல்லாம் தெரிஞ்சா யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்க வேண்டி வருமா இல்லையா? எவ்வளவு நிர்வாகச் சிக்கல். ஆரம்பத்தை வெட்டிட்டேன். இப்ப பாருங்க, இந்த நாலு மாசத்துல இந்த அலுவலகத்து மேல ஒரு தப்புகூட நிரூபிக்கப்படலை. எல்லாமே நடந்துகிட்டே இருக்கு. யாராலயும் ஆரம்பிக்கப்படலை. நீங்க சொல்லுங்க, அந்தச் சுவர் துரத்துச்சே, அப்புறம்?"

"துரத்தலை சார். அது இஸ்திரிக்காரர் எழுதினது. ஆனா சுவர் விழப்போகுது. அது உங்க சுவர் சார். உங்க பின்னறையில இருக்கிற காகிதம் தள்ளித்தான் வயிறு வெச்சிருக்கு. நான் இப்பத்தான் பார்த்துட்டு வரேன். அதுக்குக் கீழே என் வீட்டுக்காரி கால் ஒடிஞ்சு படுத்திருக்கா."

ஆணையரின் முகம் சுருங்கியது. "விழுந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"விழறதுக்கு முன்னாடி வந்தா அது முன்கதை. விழுந்த பிறகு வந்தா அது முடிவுரை. ரெண்டுக்கும் இங்க பிரிவு இல்லை. விழுந்துகிட்டிருக்கும்போது வாங்க."

"விழுந்துகிட்டிருக்கும்போது நான் அதுக்கு அடியில இருப்பேனே சார்."

"அதுலதான் விறுவிறுப்பே இருக்கு" என்றார் ஆணையர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

மாஸ்டர் எழுந்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். மூன்று தெருவையும் நடந்து கடக்கும்போது அவருக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். படுத்த படுக்கையாகக் கிடப்பவள் முதல் நாளே சொன்ன வழி இருக்க, கத்தரிக்குச் சாணை பிடித்துக் கொடுத்துவிட்டு ஆள் வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தோமே என்று நினைத்தபோது கண் கரித்தது.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. வெட்டு மேசை மேலிருந்த துணிகளையெல்லாம் அள்ளி ஓரமாகப் போட்டார். இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டார். இருவருமாக மெத்தையோடு அவளைத் தூக்கிவந்து மேசையின் மேல் கிடத்தினார்கள். தைத்து முடித்த கோட்டுகளை மாட்டும் இரும்புக் கம்பியில் மாவுக்கட்டுக் காலைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் மாஸ்டர்.

"வாங்கிட்டுப் போக ஆள் வராத கோட்டு மாதிரி இருக்கேன்" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. இப்பவாவது தோணுச்சே."

பிற்பகல் மூன்று மணிக்குச் சுவர் விழுந்தது. தூசி அடங்கியபின் மாஸ்டர் போய்ப் பார்த்தார். கட்டில் இருந்த இடமே தெரியவில்லை. செங்கல்லுக்கு மேல், பாத்திரங்களுக்கு மேல், மாடக்குழியில், எங்கே பார்த்தாலும் ஆரம்பங்கள். 'ஐயா, நான் ரொட்டிக்கடைச் சந்தில் பதினாலாம் எண் வீட்டில்...' 'வணக்கம். நான் ஓய்வுபெற்ற தபால்காரன்...' 'மதிப்புக்குரிய ஐயா, எங்கள் தெருவில் போன வருடத்திலிருந்தே...' விதி விதிதான், ஆனால் காகிதங்கள் இப்போது அவர் வீட்டுக்குள் அல்லவா இருந்தன. அவர் படித்தார்.

மேசையில் மல்லாந்தபடியே மனைவியும் படித்தாள். அவளுக்குக் கால்தான் ஆடாது. கையும் வாயும் நன்றாகவே ஆடும். தெருத் தெருவாகப் பிரித்து, வெட்டுத் துணியில் கிழித்த நாடாக்களால் கட்டுக் கட்டாகக் கட்டினாள். ஈரமானதைக் கொடியில் போட்டாள். இஸ்திரிக்காரர் சுருங்கியதைப் பெட்டி வைத்து நீவிக் கொடுத்தார். குழாய் ரிப்பேர்க்காரர் கேள்விப்பட்டு ஓடிவந்தார். பாத்திரம் மிதந்த வீட்டின் முகவரி மூன்றாவது கட்டுக்குள் இருந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு போனபோது கண்கலங்கினார். அன்று மாலையே அந்தக் குழாய் நின்றது. மறுநாள் காலையில் தங்கள் தங்கள் ஆரம்பத்தைத் தேடி நாற்பது பேர் கடை வாசலில் நின்றார்கள்.

மூன்றாம் நாள் சுவர் இருந்த ஓட்டை வழியாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஆணையர். அவருக்குப் பின்னால் எழுத்தர், கையில் கத்தரி இல்லாமல்.

"மேலிடத்துலேருந்து நாளைக்கு ஆய்வுக்கு வராங்க" என்று ஆணையர் வழக்கம்போல நடுவிலேயே தொடங்கினார். "வெடிச்ச குழாய், சாய்ஞ்ச கம்பம், எல்லாம் கோப்பு கோப்பா இருக்கு. படிச்சா மயிர்க்கூச்செரியுது. ஆனா சரிபண்ணின ஒண்ணையாவது காட்டுன்றாங்க. எது எங்கன்னே தெரியலை. முகவரியெல்லாம் உங்ககிட்டதான்..." என்று செங்கல் குவியலின் மேல் ஒரு காலை எடுத்து வைத்தார்.

"சார்" என்றாள் மாஸ்டரின் மனைவி மேசையிலிருந்து. "அந்த வழி வேண்டாம். அது நடு. வாசல் பக்கமா சுத்தி வாங்க. மூணு தெருதான்."

ஆணையர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தலை பின்வாங்கியது.

அரை மணி நேரம் கழித்து ஆணையர் வாசலுக்கு வந்து சேர்ந்தார். முன்னால் நாற்பத்தாறு பேர் வரிசையில் இருந்தார்கள்; அவரும் கடைசியில் நின்றார். வெயில் உச்சிக்கு ஏறியது. அவர் முறை வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாஸ்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அளவு நோட்டைப் பிரித்தார்.

"பேரு?"

ஆணையர் சொன்னார்.

"வீடு எந்தத் தெரு?"

அதையும் சொன்னார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

ஆணையர் திரும்பி வரிசையைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை.

"குறை கேட்கிற வேலை" என்றார் கடைசியில், மெதுவாக. பிறகு மேசைமேல் அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் சரிபண்ணிடறேன் மாஸ்டர். சத்தியமா. எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் கழுத்தைத் திருப்பி, கடைக்குப் பின்னால் வானம் தெரிந்த அறையைப் பார்த்தாள்.

"அஸ்திவாரத்துலேருந்து" என்றாள்.